களரி ஆக்கிய ஆட்டக்காரர்: மட்டக்களப்புக் கூத்துப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

ஆடற்கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து தொடங்குகின்றன. ஏதோ ஒரு மாலைப்பொழுதில் ஓர் ஆட்டத்தைக் காண நேர்கின்றது. உள்ளம் அதிற் பறிபோகின்றது. அன்றிலிருந்து வாழ்வின் திசை மாறிவிடுகின்றது. ருக்மிணி தேவி அருண்டேல் பற்றி எழுதுவோர், 1933ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அக்கடமியில் பந்தணைநல்லூர்ச் சகோதரியரின் சதிராட்டத்தை அவர் கண்டமையை அத்தகைய நாளாகக் காட்டுவர். அப்பொழுது அவர் முப்பது வயதை அண்மித்திருந்தார். அதன் பின்னரே முறையாகப் பயின்று, 1935ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றில் மேடையேறினார். இதனின்றும் வேறுபட்டது பாலசரஸ்வதியின் வரலாறு. தலைமுறை தலைமுறையாக இசையும் ஆடலும் பயின்ற குடும்பத்திற் பிறந்த அவர், 1925இல் தமது ஏழாவது வயதிலேயே காஞ்சிபுரத்தில் அரங்கேறிவிட்டார். அவரைப் பொறுத்தவரை ஆடல் தேடிக் கண்டடையப்பட வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை.

ஆடலில் ஒருவருக்கு நாட்டம் எவ்வாறு பிறக்கின்றது என்ற வினாவிற்கு இவ்விரு வரலாறுகளும் இரு விடைகளைத் தருகின்றன. ஒன்று தனிமனித உள்ளத்தின் தெரிவு. மற்றது குலவழிப் பேறு. நமது விமரிசகர்கள் இவ்விரண்டினுள் ஒன்றையே மீண்டும் மீண்டும் கூறி வந்துள்ளனர். ஆயின், ஈழத்துக் கிராமங்களில், சிறப்பாக மட்டக்களப்புப் பிரதேசத்தில், மிகப் பெருந்தொகையான ஆட்டக்காரரை உருவாக்கிய மரபு இவ்விரு விடைகளுள் எதனுள்ளும் அடங்குவதன்று. வயலிலும் வாவியிலும் தொழில் செய்யும் ஒருவன் ஆண்டின் சில மாதங்களில் ஆட்டக்காரனாகிறான். அவன் கலைக் குடும்பத்திற் பிறந்தவனல்லன்; ஆடலே தன் வாழ்வெனத் துணிந்தவனுமல்லன். அவனிடத்து ஆடல் நாட்டம் எவ்வாறு தோன்றியது, அது அவனை எவ்வாறு வளர்த்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கூத்தில் நாட்டம் பயிற்சிக்கு முன்னிபந்தனையாக அமைவதில்லை. பெரும்பாலும் அது பயிற்சியின் விளைவாகவே அமைகின்றது என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட விழைவது.

மட்டக்களப்புக் கூத்து வடமோடி, தென்மோடி என இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது. வடமோடிக் கூத்துக்கள் பெரும்பாலும் இதிகாசக் கதைகளையும் போரையும் பொருளாகக் கொண்டவை. ஆட்டம் விரைவும் உறுதியும் மிக்கது. அரசரும் வீரரும் அணியும் கரப்புடுப்பு, கோழிகளை மூடி வைக்கும் கரப்பினைப் போல இடையிலிருந்து விரிந்து நிற்பது. தென்மோடியில் உடை இலகுவானது, தாளக்கட்டுகள் நுணுக்கமானவை, இசை நீண்டு செல்வது. இரண்டுக்கும் மத்தளமும் சல்லரியுமே பக்கவாத்தியங்கள். மத்தளத்தை வாசிப்பவர் அண்ணாவியார். பயிற்றுவோரும் நெறிப்படுத்துவோரும் அவரே. இவற்றை விட வசந்தன், மகிடி, பறைமேளக் கூத்து முதலியனவும் இப்பிரதேசத்தில் உண்டு. கோலாட்டத்தை ஒத்த வசந்தனிற் சிறுவர்களும் ஆடுவர் என்பது நமது பொருளுக்கு முக்கியமானது. தாளத்திற்குக் காலை வைக்கவும், தன் அருகில் ஆடுபவனின் அசைவோடு தன் அசைவைப் பொருத்தவும் ஒரு சிறுவன் கற்றுக்கொள்ளும் முதலிடம் பல ஊர்களில் அதுவே.

ஊரிற் கூத்துப் பழகுவதென்று பெரியோர் கூடித் தீர்மானிப்பதே முதற்படி. அறுவடை முடிந்து கையில் ஓய்வும் நெல்லும் இருக்கும் காலத்தையொட்டியே இத்தீர்மானங்கள் எடுக்கப்பட்டன. உற்பத்தி முறைக்கும் கலைக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பேசுவோர் இதனைவிடத் தெளிவான சான்றினைத் தேட வேண்டியதில்லை. எந்தக் கதையை ஆடுவது, எந்த அண்ணாவியாரை அழைப்பது என்பன முடிவானபின் சட்டம் கொடுத்தல் நிகழும். சட்டம் என்பது ஒரு பாத்திரத்திற்குரிய பாடல்களும் வசனங்களும் அடங்கிய பகுதியாகும். தோற்றம், குரல், உயரம், உடலுரம் ஆகியவற்றை அண்ணாவியார் நோக்குவார். ஊரில் ஒருவனது குடும்பத்திற்குள்ள மதிப்பும் நோக்கப்படும். அரச பாத்திரத்தை யாருக்குக் கொடுப்பது என்பதிற் கலைக்குப் புறம்பான காரணிகளும் செயற்பட்டன என்பதை மறைப்பதிற் பயனில்லை.

இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. சட்டத்தைப் பெறும் இளைஞன் “எனக்கு இந்தப் பாத்திரம் வேண்டும்” என்று வந்தவனாக இருக்க வேண்டியதில்லை. ஊர் அவனைக் கண்டெடுக்கின்றது. தன்னிடம் ஆட்டம் இருக்கின்றது என்பதை அவன் அறியுமுன்னரே மற்றவர்கள் அறிந்துகொண்டு விடுகின்றனர். களரியோரத்தில் நின்று வரவாட்டத்தைப் பார்த்து மறுநாள் வயல் வரம்பில் அதனை ஆடிக்காட்டும் சிறுவர்களை ஊர்ப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பர். “அவனுக்குக் கூத்துப் பித்து” என்று நகைப்பாகச் சொல்லப்படும் சொல்லே சில ஆண்டுகளின் பின் சட்டமாக அவன் கைக்கு வருகின்றது.

சட்டம் பெற்றபின் மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி நடைபெறும். எழுத்தறிவு குறைந்தவர்கள் செவிவழியாகவே பாடல்களை மனனஞ் செய்தனர். விருத்தம், கொச்சகம், தரு எனச் செய்யுள் வகைகள் பலவும் அன்றாடப் பேச்சிலே வழங்காத சொற்களோடு அவர்கள் நாவில் அமர்ந்தன. பாடசாலையை மிகச் சில ஆண்டுகளே கண்ட ஒரு விவசாயி பாரதக் கதையின் ஒரு பகுதியைச் செய்யுளாகவே ஒப்பிக்கக்கூடியவனாக இருந்தமைக்குக் காரணம் இதுவே. இலக்கியக் கல்வி என்பது பாடசாலைகள் மூலமே பரவிற்று என்று கருதும் நம்மிற் பலர் இதனைப் போதிய அளவு கணக்கிலெடுப்பதில்லை.

ஆட்டப் பயிற்சியின் உள்ளமைப்பையும் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். வடமோடியில் ஆட்டக்காரனே பாடவும் வேண்டும். அவன் தருவைப் பாடி முடிக்க, அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதனை வாங்கிப் பாடுவர். அவர்கள் பாடும் அந்த இடைவெளியில் அவன் ஆடுவான். ஆட்டம் முடிவுறும் தீர்மானத்தில் அவன் நின்று அடுத்த அடியைப் பாடத் தொடங்குவான். புறத்தே நிற்பவனுக்கு இது மரபு சார்ந்த ஒரு வழக்கமாக மட்டுமே தோன்றும். உண்மையில் இது மூச்சின் கணக்கு. மத்தளம் விரைவு காலத்தில் ஒலிக்க, கனத்த உடுப்புடன் சுழன்று ஆடியவன் உடனடியாகக் குரலெடுத்துப் பாட வேண்டும். எந்த இடத்தில் மூச்சை இழுப்பது, எந்தச் சுழற்சியில் அதனைச் சேமிப்பது என்பதை அண்ணாவியார் சொற்களால் விளக்குவது அரிது. உடலே அதனைக் கற்றுக்கொள்கின்றது. பிற்பாட்டுக்காரர் சற்று நீட்டிப் பாடி இளைத்தவனைக் காப்பாற்றுவதும் உண்டு. தனியொருவனின் திறனாக நமக்குத் தெரிவது பல குரல்கள் தாங்கி நிற்கும் ஒரு திறனாகும்.

களரியின் அமைப்பும் இதனோடு இணைந்தது. களரி வட்டமானது, பார்வையாளர் அதனைச் சுற்றி அமர்ந்திருப்பர். எனவே அங்கு ஆட்டக்காரனுக்கு முதுகுப்புறம் என்று ஒன்றில்லை. ஒரு பக்கத்தாருக்கு முகங்காட்டுபவன் அதே கணத்தில் மறுபக்கத்தாருக்கு முதுகைக் காட்டுகிறான். ஆதலால் வட்டமாகச் சுற்றி வருதலும் திசைதோறும் திரும்பி ஆடுதலும் இன்றியமையாதனவாயின. வீசாணம், எட்டு, நாலடி, குத்துமிதி முதலிய ஆட்ட வகைகளைத் தனித்தனியே படம் வரைந்து விளக்கும் முயற்சிகள் பயனுள்ளவையே. எனினும், அவை வட்டத்தினுள் நின்று அனைவருக்கும் கடப்பாடுடையவனாய் ஆடும் ஒருவனின் தேவையிலிருந்து பிறந்தவை என்பது மறக்கப்படலாகாது.

ஓரளவு பயிற்சி முற்றியபின் வருவது சதங்கை அணியும் சடங்கு. ஒரு நல்ல நாளில் ஆட்டக்காரர் அனைவரும் ஒன்றாகக் காலிற் சதங்கை கட்டுகின்றனர். இதுவரை காலின் பிழை காலுக்கும் அண்ணாவியாருக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. இனி அது ஊர் முழுவதற்கும் கேட்கும். சதங்கை அணிந்தபின் வாரத்தில் ஒரு நாள் ஆடிப் பழகும் கிழமைக் கூத்தும், அதன்பின் முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தலும் நடைபெறும். கிழமைக் கூத்தைப் பார்க்க வருவோர் வெறும் பார்வையாளரல்லர். முன்னைய ஆண்டுகளில் அதே பாத்திரத்தை ஆடியவர்களும் அவர்களுள் இருப்பர். அவர்கள் கூறும் கண்டனம் கடுமையானது. ஆனால், காரணங்காட்டிக் கூறப்படுவது. எழுத்திற் பதியப்படாத நமது விமரிசன மரபொன்று அங்கு நெடுங்காலம் வாழ்ந்துள்ளது. இறுதியில் அரங்கேற்றம் இரவு தொடங்கி விடியும்வரை நிகழும். அதன்பின் வீடுவீடாகச் சென்று கூத்தின் பகுதிகளை ஆடும் வழக்கமும் உண்டு. தனக்குச் சட்டம் கொடுத்த ஊருக்கு ஆட்டக்காரன் தன் ஆட்டத்தை மீளக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலாக இதனைக் கொள்ளலாம்.

இவ்வொழுங்கினூடே சென்ற ஒருவனது வாழ்வை நோக்கின், வசந்தனாடிய சிறுவன் சிறு பாத்திரமொன்றைப் பெறுகிறான். பின்னர் தலைமைப் பாத்திரம் வருகின்றது. உடல் தளருங்காலத்திற் பிற்பாட்டுக்காரனாகின்றான். ஒருசிலர் மத்தளத்தைக் கையிலெடுத்து அண்ணாவியாராகின்றனர். ஆட்டம் முதுமையில் அவனைக் கைவிடுவதில்லை. ஆடற்கலையிற் பொதுவாக இளமையோடு முடிந்துவிடும் வளர்ச்சி, கூத்தில் வாழ்நாள் முழுதும் நீள்கின்றது.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு கிராமியக் களரி ஒரு சமத்துவப் பொன்னுலகம் என்ற முடிவுக்கு எவரும் வந்துவிடலாகாது. அது நிலமானிய உறவுகள் நிலவிய சமூகத்தின் களரி. ஒரு களரியில் ஆடியோர் பெரும்பாலும் ஒரே சாதியினராகவே இருந்தனர். எல்லாவற்றிற்கும் மேலாக, ஊரின் பாதிப் பேருக்கு அங்கு சட்டம் கொடுக்கப்படவேயில்லை. திரௌபதியையும் மண்டோதரியையும் ஆண்களே ஆடினர். வரவாட்டத்தைப் பார்த்து வீட்டு முற்றத்தில் ஆடிப் பார்த்த சிறுமியரும் இருந்திருப்பர் என்று எண்ணுவதில் தவறில்லை; ஆனால், அவர்களிடத்திற் கூத்துப் பித்தைக் கண்டு சட்டம் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை. ஊரே ஆட்டக்காரனைக் கண்டெடுக்கின்றது என்று மேலே கூறினோம். கண்டெடுக்கும் அதிகாரமுடைய ஊர், காண மறுக்கும் அதிகாரமும் உடையதாக இருந்தது. நாட்டம் சமூகத்தால் ஆக்கப்படுவதாயின், அதன் இன்மையும் சமூகத்தாலேயே ஆக்கப்படுகின்றது. பெண்களுக்கு இதில் இயல்பான ஈடுபாடில்லை என்று கூறுவோர் இவ்வுண்மையை நோக்கத் தவறுகின்றனர்.

இந்நிலையிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களில் நிகழ்ந்தவை தனிக் கவனத்துக்குரியன. 1956இல் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியமையும், சிங்கள நாடகம என்னும் வடிவத்திற்கும் தமிழ்க் கூத்திற்கும் உள்ள உறவு பற்றி அவர் எழுதியமையும் அறிஞர்களின் கவனத்தைக் கூத்தின்பால் திருப்பியிருந்தன. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு 1962இல் ‘கர்ணன் போர்’, 1963இல் ‘நொண்டி நாடகம்’, அடுத்து ‘இராவணேசன்’, 1967இல் ‘வாலி வதை’ ஆகியவற்றைத் தயாரித்தார். வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார் மாணவர்களுக்கு ஆட்டம் பழக்கினார். பட்டம் பெறாத ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஆசானாக நின்ற அந்நிகழ்ச்சி, கூத்து எவ்வளவு நேரத்திற்குச் சுருக்கப்பட்டது என்ற வழமையான விவாதத்தைக் காட்டிலும் கூடிய கவனத்திற்குரியது என்பது எமது கருத்து.

விடியவிடிய ஆடப்பட்டது ஏறத்தாழ ஒன்றரை மணிநேர அளவிற்குக் குறுகிற்று; வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. ஒரு பக்கத்தில் மட்டுமே பார்வையாளர் இருக்கையில் ஆட்டக்காரனுக்கு முதுகுப்புறம் தோன்றிவிட்டது. திசைதோறும் மீட்டு ஆடவேண்டிய தேவை அற்றுப்போனமையால் ஆட்டங்கள் சுருங்கின. அதே வேளையில் முகபாவமும் பாத்திரத்தின் உள்முரண்பாடும் முதன்மை பெற்றன. ‘இராவணேசன்’ இதற்கு நல்ல உதாரணம். இராவணனை வதைக்கப்பட வேண்டிய அரக்கனாகவன்றி வீழ்ச்சியை நோக்கிச் செல்லும் பெருவீரனாகக் காட்ட முடிந்தமைக்கு இம்மாற்றமும் ஒரு காரணம். அப்பாத்திரத்தை ஆடியவர் மட்டக்களப்பைச் சேர்ந்த மாணவரான சி. மௌனகுரு. ஊர்க் கூத்தின் சூழலில் வளர்ந்த அவர், பின்னர் 1960களின் இறுதியில் ‘சங்காரம்’ நாடகத்தில் வடமோடி ஆட்டங்களை உழைக்கும் மக்களின் எழுச்சியைக் காட்டப் பயன்படுத்தினார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைக் கலாநிதிப் பட்டத்திற்காக ஆராய்ந்து, காலப்போக்கிற் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைத்துறைப் பேராசிரியருமானார். ஆட்டத்தில் தொடங்கி ஆய்விற்குச் சென்ற இவ்வழி, நமது பல்கலைக்கழகங்களில் அரிதானது. ஏட்டிலிருந்து களரிக்குச் செல்வோரே பெரும்பாலோர்.

பேராதனைத் தயாரிப்புக்களில் மாணவியரும் கூத்தாட முன்வந்தனர். கிராமம் மறுத்த சட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்தது. இதன் முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் இது படித்த மத்தியதர வர்க்கப் பெண்களுக்குக் கிடைத்த வாய்ப்பு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வடமோடி ஆடிய மாணவி பட்டதாரியாகி வெளியேறினாள். அண்ணாவியாரின் ஊரிற் களரி முன்போலவே ஆண்களின் களரியாக இருந்தது. யாழ்ப்பாணத்திலும் இதனையொத்த ஒரு முரண்பாட்டைக் காணலாம். 1968இல் மாவிட்டபுரத்தில் நடைபெற்ற ஆலயப் பிரவேசப் போராட்டத்தின் பின்னணியில் உருவான ‘கந்தன் கருணை’, கூத்தின் வடிவத்தைச் சாதிக் கொடுமைக்கெதிராகத் திருப்பிற்று. வடிவம் போராட்டத்திற்கு வந்தது. ஆனால், அவ்வடிவத்தைப் பேணிய ஊர்க் களரிகளின் உள்ளொழுங்கு அவ்வளவு விரைவில் மாறவில்லை.

1980களில் தொடங்கிய யுத்தச் சூழல் இரவுக் கூத்தைப் பல ஊர்களில் இயலாததாக்கிற்று. விடியும்வரை மக்கள் ஒன்றுகூடுவது அச்சத்திற்குரியதாகிவிட்ட ஊரிற் கிழமைக் கூத்து எங்ஙனம் நடைபெறும்? பயிற்சிச் சங்கிலியில் ஏற்பட்ட இவ்வறுவு, அரங்கேற்றங்களின் எண்ணிக்கை குறைந்ததை விடவும் பாரதூரமானது. சில ஆண்டுகள் சட்டம் கொடுக்கப்படாதுவிடின் களரியோரத்தில் நிற்கும் சிறுவனும் இருக்கமாட்டான். இதே காலப்பகுதியில் வேறொரு வழியும் திறந்தது. 1982இல் மட்டக்களப்பில் விபுலானந்த இசை நடனக் கல்லூரி தொடங்கிற்று. அது பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. நாடகமும் அரங்கியலும் பாடசாலைகளிற் பரீட்சைக்குரிய பாடமாயிற்று. ஆடலைக் கற்க விரும்பும் கிராமப்புற மாணவிக்கு இவை முன்னெப்போதும் இல்லாத வாயில்கள். எனினும், பாடத்திட்டம் ஒருவரின் திறனைத் தனித்தெடுத்துப் புள்ளியிடுகின்றது. மூச்சிளைத்தவனுக்காகத் தருவை நீட்டிப் பாடிய பிற்பாட்டுக்காரனுக்கு அங்கு எத்தனை புள்ளிகள் வழங்குவதென்பது எந்தப் பரீட்சகருக்கும் எளிதான கேள்வியன்று.

2000ஆம் ஆண்டின் பின்னர் கலாநிதி சி. ஜெயசங்கரும் அவரோடு இணைந்தோரும் சீலாமுனைக் கிராமத்தில் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கச் செயற்பாடு, இவ்வினாக்களைப் பல்கலைக்கழக மேடையிலன்றி மீண்டும் களரியிலேயே எழுப்பிற்று. கூத்தர்களோடும் ஊராரோடும் உரையாடி, கூத்தின் பனுவலில் வரும் பெண் இழிவும் சாதிய இழிவும் எவையென அவர்களே இனங்கண்டு மாற்றுதல் அதன் முக்கிய அம்சமாகும். இம்முறையிற் பயிற்சியின் பழைய படிமுறைகள் கைவிடப்படவில்லை. கூடித் தீர்மானித்தல், சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் ஆகிய யாவும் நிகழ்ந்தன. மாறியது, தீர்மானிக்கும் கூட்டத்தில் யார் யார் பேசலாம் என்பதே. இதனால் மரபின் தூய்மை கெட்டது என்று வருந்துவோர் உளர். ஒவ்வொரு தலைமுறை அண்ணாவியாரும் தமது ஆட்டக்காரரின் உடலுக்கும் குரலுக்கும் ஏற்பச் சட்டத்தைத் திருத்தியே வந்துள்ளனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. இன்று திருத்தம் பாடலடிகளோடு நிற்காது, சட்டத்தை யாரிடம் நீட்டுவது என்பதுவரை சென்றுள்ளது. களரியோரத்தில் நிற்கும் சிறுமியும் இப்பொழுது ஊராரின் பார்வையில் இருக்கின்றாள்.